அடிமடியில் கை வைக்கும் கட்டளைகள்

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து, சொல்லிவைத்தாற்போல ஒரே விஷயத்தைத் தொட்டன: ஃபைலைத் தாண்டி, டிஸ்க்கை நேராகத் தொடுவது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அக்கா, 2.5 ஜிபி லினக்ஸ் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் ஏற்றுவதற்காக அப்படியே நகலெடுக்கும் ‘டிடி’ கட்டளை கொடுத்தேன். எஸ்டிபி என்று அடிக்க வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று அடித்துவிட்டேன். எஸ்டிஏ என்பது அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க். கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையம், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டுகூட நிற்கவில்லை. பத்து நிமிஷம் கழித்துத்தான் ஒவ்வொன்றாகச் செத்தது. நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுகிறவளை அது ஏன் தடுக்கவில்லை?
— கல்லூரி மாணவி, ஈரோடு

மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் தங்கச்சி, இதே தப்பை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன். 2008-இல் கோவையில் ஓர் அச்சகத்தின் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகைதான் அவர்களுக்குச் சோறு போட்ட தொழில். ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பழைய டிஸ்க்கைப் புது டிஸ்க்குக்கு நகலெடுக்க ராத்திரி உட்கார்ந்தேன். நடுவில் ஒரு ரீபூட். எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை டிஸ்க்குக்கு வைத்த பெயர்கள் அல்ல, கெர்னல் கண்டுபிடித்த வரிசைக்கு வைத்தவை. ரீபூட்டில் வரிசை மாறியது, நான் கவனிக்கவில்லை. காலியாக இருந்த புது டிஸ்க்கை எடுத்து, பதினொரு வருஷ டிசைன்கள் இருந்த பழைய டிஸ்க்கின் தலையில் பூஜ்ஜியமாகக் கொட்டினேன். விடிந்ததும் விஷயம் தெரிந்த முதலாளி ஐயா பீரோவைத் திறந்து, அச்சடித்ததில் ஒவ்வொன்று எடுத்துவைத்திருந்த சாம்பிள் கட்டுகளை என் மேஜையில் அடுக்கினார். “இதைப் பார்த்து மறுபடி அடிச்சிரும்மா.” ஒன்பது ராத்திரி அடித்தேன். கொங்கு நாட்டுக் கூட்டப் பெயர்கள் பாதி எனக்கு மனப்பாடம் ஆனது அப்போதுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிஸ்க்குக்குக் கெர்னல் இரண்டு வாசல் வைத்திருக்கிறது. முன்வாசல் ஃபைல் சிஸ்டம். எந்த ஃபைல் டிஸ்க்கின் எந்தத் துண்டில் (பிளாக்கில்) இருக்கிறது, எது காலி என்ற கணக்கெல்லாம் அதன் கையில். பின்வாசல், டெவ் டைரக்டரிக்குள் இருக்கும் டிவைஸ் ஃபைல். யுனிக்ஸில் முழு டிஸ்க்கும் ஒரு ஃபைல் மாதிரிதான். அதற்கும் ஓனர் ரூட் (எல்லா உரிமையும் உள்ள யூசர்), குரூப் ‘டிஸ்க்’, உரிமை எண் 0660 என்று எழுதியிருக்கும். பின்வாசலுக்குக் காவல் அவ்வளவுதான். சுடோ போட்ட நிமிஷம் நீங்கள் ரூட், காவல்காரர் சல்யூட் அடித்து வழிவிடுவார். வந்திருப்பது யார் என்று மட்டும்தான் அவர் பார்க்கிறார். உள்ளே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாரே, இப்போது இன்னொருவரை விடலாமா என்று அவர் யோசிப்பதில்லை. இத்தனை வருஷமாக என் புகார் அதுதான்.

கிராமத்தில் விஏஓவிடம் அடங்கல் இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஒருவர் எல்லைக்கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டால் அடங்கலுக்கு எப்படித் தெரியும்? மறுநாளும் விஏஓ பழைய கணக்கைப் பார்த்தே கையெழுத்துப் போடுவார். ஃபைல் சிஸ்டமும் அப்படித்தான். மவுண்ட் ஆன, அதாவது தான் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்ட, டிஸ்க் முழுக்கத் தனக்கே சொந்தம் என்று நம்பி, பாதிக் கணக்கை மெமரியில் வைத்திருக்கும். நீங்கள் பின்வாசல் வழியாக எழுதியது அதற்குத் தெரியாது. உங்கள் பாட்டு நிற்காததற்கும் இதுவே காரணம்: பாட்டு ஃபைலும் அதைப் பாடும் புரோகிராமும் ஏற்கெனவே மெமரிக்கு வந்துவிட்டன. மெமரியில் இல்லாத ஒன்றைத் தேடி டிஸ்க்குக்குப் போனபோதுதான் சாவு ஆரம்பித்தது.

கெர்னலுக்குத் தடுக்கத் தெரியாதா? தெரியும். ‘எனக்கு மட்டும் வேண்டும்’ என்று கேட்டு டிவைஸைத் திறக்கும் வழி லினக்ஸில் 2.6 காலத்திலிருந்தே உண்டு. டிஸ்க்கில் எதாவது மவுண்ட் ஆகியிருந்தால் ‘டிவைஸ் பிஸி’ என்று கெர்னல் கதவைச் சாத்திவிடும். ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் அப்படிக் கேட்டுத்தான் உள்ளே போகும். டிடி கேட்பதில்லை. கேட்காதவரிடம் கெர்னலும் வலியப் போய்ச் சொல்வதில்லை.

பக்கத்து வீடுகளான பிஎஸ்டி வகை யுனிக்ஸ்களில் இப்படி இல்லை. ஃப்ரீபிஎஸ்டி 5.0-இல், 2003-இல், ‘ஜியாம்’ என்ற அடுக்கு வந்தது. ஒரு பார்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்ததில் ஒரு பகுதி) மவுண்ட் ஆகியிருந்தால் அது உட்கார்ந்திருக்கும் முழு டிஸ்க்கும் பூட்டிக்கொள்ளும்; ரூட்டாக இருந்தாலும் எழுத முடியாது. பிடிவாதமாக எழுதியே தீர வேண்டும் என்றால் ஒரு கெர்னல் மாறியில் 16 என்று போட வேண்டும். அந்த 16-க்கு அவர்களுடைய கையேட்டில் வைத்திருக்கும் பெயர், தன் காலைத் தானே சுட்டுக்கொள்ள அனுமதி என்ற பொருளில் வரும். ஓப்பன்பிஎஸ்டியில் ‘செக்யூர் லெவல்’ 1 என்றால் மவுண்ட் ஆன டிஸ்க்கின் பின்வாசல் படிக்க மட்டும். 2 என்றால் மவுண்ட் ஆனாலும் ஆகாவிட்டாலும் படிக்க மட்டும். ஓடும் கம்ப்யூட்டரில் ரூட் இந்த எண்ணை ஏற்றலாம், இறக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிற மாதிரி.

லினக்ஸுக்கு இந்தப் புத்தி 2024 மார்ச்சில், 6.8 பதிப்பில் வந்தது. மவுண்ட் ஆன டிவைஸில் நேராக எழுதுவதைத் தடுக்க ஓர் அமைப்பைச் சேர்த்தார்கள். எழுதியவர் யான் காரா என்ற கெர்னல் டெவலப்பர். ஆனால் வழக்கமான அமைப்பில் அது தடுக்காது, நாமாகத்தான் தடுக்கச் சொல்ல வேண்டும். ரீட்-ஒன்லியாக மவுண்ட் ஆன ரூட் டிஸ்க்கில், ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டுவது, லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 ஓடும்போதே அதன் சில அமைப்புகளை மாற்றுவது போன்ற நியாயமான வேலைகளும் பின்வாசல் வழியாகவே நடக்கின்றன என்பது காரணம். இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அந்தத் தடை இருந்திருந்தாலும் உங்களைக் காப்பாற்றியிருக்காது. அது மவுண்ட் ஆன பார்டிஷனுக்கு மட்டும் பூட்டு. உங்கள் கம்ப்யூட்டரில் மவுண்ட் ஆகியிருந்தது எஸ்டிஏ2 போன்ற ஒரு பார்டிஷனாக இருக்கும். நீங்கள் எழுதியதோ எஸ்டிஏ, அதாவது முழு டிஸ்க். அறையைப் பூட்டினார்கள், வீட்டை விட்டுவிட்டார்கள்.

இனி மீட்பு. ஆரம்பம் போய்விட்டது, கடைசி இருக்கிறது. பார்டிஷன் அட்டவணை ஜிபிடி வகை என்றால் அதன் நகல் டிஸ்க்கின் கடைசி செக்டார்களில் பத்திரமாக இருக்கும். வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ஜிடிஸ்க் புரோகிராமைக் கொண்டு நகலிலிருந்து மீட்கலாம். எக்ஸ்ட்4 தன் சூப்பர்பிளாக்கை (ஃபைல் சிஸ்டத்தின் அளவும் அமைப்பும் எழுதியிருக்கும் தலைப்பக்கம்) பல இடங்களில் நகலெடுத்து வைக்கிறது. 4 கேபி பிளாக் என்றால் 32768, 98304, 163840, 229376, 294912 ஆகிய எண்களில் இருக்கும் நகல்கள் எல்லாம் ஒண்ணே கால் ஜிபிக்குள் அடங்கிவிடும். உங்கள் ஐஎஸ்ஓ அவற்றை மென்று தின்றிருக்கும். அடுத்தது 819200, பார்டிஷனின் தொடக்கத்திலிருந்து மூன்று ஜிபிக்குச் சற்று மேலே. அது தப்பியிருக்கிறது. முதலில் டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள் (எஸ்டிஏவா எஸ்டிபியா என்று அம்மாவையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்). அந்த நகலில் எஃப்எஸ்சிகேவுக்கு 819200 என்ற எண்ணைக் கொடுத்து ஓட்டுங்கள். ரூட் டைரக்டரி முதல் பகுதியில் இருந்ததால் ஃபைல்கள் பெயரிழந்து, எண்களாக ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ டைரக்டரியில் வந்து விழும். பெயரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: இந்தத் தப்பு நடந்த கையோடு கம்ப்யூட்டரை அணைத்துவிடாதீர்கள். டிஸ்க்கில் அட்டவணை அழிந்தாலும் கெர்னலின் மெமரியில் பழைய அட்டவணை இருக்கும். சிஸ் டைரக்டரிக்குள் பிளாக், எஸ்டிஏ, எஸ்டிஏ2 என்று இறங்கினால் ‘ஸ்டார்ட்’, ‘சைஸ்’ என்று இரண்டு ஃபைல்கள். அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு அணையுங்கள்.

ஒவ்வொரு தடவையும் சுடோ, பாஸ்வேர்டு என்று கை வலிக்கிறது. என் யூசரை ‘டிஸ்க்’ குரூப்பில் சேர்த்துவிட்டால் தொல்லை விட்டது என்கிறார் நண்பர். செய்யலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

நண்பரை மாற்றுங்கள். அந்த குரூப்பில் இருப்பவர் ‘டீபக் எஃப்எஸ்’ என்ற புரோகிராமைக் கொண்டு பின்வாசல் வழியாக எந்த ஃபைலையும் படிக்கலாம். பாஸ்வேர்டு ஹேஷ்கள் இருக்கும் ஷேடோ ஃபைலும் அதில் சேர்த்தி. ரூட்டுக்கும் அவருக்கும் வித்தியாசம் பெயரில் மட்டும்.

எக்ஸ்பி காலத்தில் டிஸ்க் எடிட்டரைத் திறந்து எந்த செக்டாரையும் திருத்துவேன். விண்டோஸ் 7-லிருந்து ‘ஆக்சஸ் டினைடு’ என்கிறது. அட்மினாக ஓட்டினாலும் அப்படித்தான். நம்ம டிஸ்க்கில் நாமே எழுதக் கூடாதா மேடம்?
— கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர், திருநெல்வேலி

கூடாது என்று முடிவெடுத்தது விஸ்டா காலத்தில் அண்ணாச்சி, அதற்குப் பின்னால் ஒரு பெண்மணி இருக்கிறார். போலந்தைச் சேர்ந்த ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா. 64 பிட் விஸ்டாவில் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத புரோகிராம் கோடு கெர்னலுக்குள் நுழைய முடியாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிக்கொண்டிருந்த நேரம். 2006 ஆகஸ்டில் லாஸ் வேகஸ் பிளாக் ஹாட் மாநாட்டில் அவர் நுழைந்து காட்டினார். எப்படி என்பதுதான் அழகு. மெமரி போதாமல் ஆனால் விண்டோஸ், டிரைவர்களின் சில பகுதிகளையும் டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலில் இறக்கி வைக்கும். அவர் வேண்டுமென்றே மெமரியைத் தின்று, ஒரு டிரைவரின் கோடை டிஸ்க்குக்குத் துரத்தினார். முன்வாசலில் பேஜ் ஃபைலைத் தொட முடியாது. பின்வாசல் வழியாக அது இருக்கும் செக்டாரைத் தேடிப் பிடித்துத் தன் கோடை எழுதினார். பிறகு அந்த டிரைவரைக் கூப்பிட்டார். விண்டோஸே அதை மெமரிக்குத் தூக்கிவந்து ஓட்டியது. கையெழுத்துச் சோதனை முதல் தடவை ஏற்றும்போதுதான். இறக்கி ஏற்றும்போது யார் பார்க்கிறார்கள்?

மைக்ரோசாஃப்ட் செய்த வைத்தியம்: மவுண்ட் ஆன வால்யூமுக்குள் (சி, டி போன்றவை) வரும் செக்டார்களில் சாதாரண புரோகிராம்கள் நேராக எழுத முடியாது. அட்மினாக இருந்தாலும் சரி. ருட்கோவ்ஸ்கா அப்போதே முகம் சுளித்தார். டிஸ்க் எடிட்டர் விற்கும் கம்பெனிகள் இனி கையெழுத்துப் பெற்ற டிரைவரோடு வருவார்கள், தாக்குபவர் அதையே கடன் வாங்கிக்கொள்வார் என்றார். ஆறு வருஷம் கழித்து, 2012 ஆகஸ்ட் 15 அன்று சவூதி அராம்கோவில் சுமார் 30,000 கம்ப்யூட்டர்களின் டிஸ்க்கை அழித்த ‘ஷமூன்’ என்ற நாசகார புரோகிராம், எழுதுவதற்குப் பயன்படுத்தியது எல்டோஸ் கம்பெனியின் ‘ரா டிஸ்க்’ என்ற, முறையாகக் கையெழுத்துப் பெற்ற டிரைவரை. லைசென்ஸ் ட்ரையல் காலத்துக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக அது கம்ப்யூட்டரின் தேதியைக்கூடப் பின்னுக்குத் தள்ளியது. திருட வந்த வீட்டில் டிக்கெட் எடுத்து நுழைந்த மாதிரி! 2022 பிப்ரவரி 23 அன்று உக்ரைனில் இறங்கிய ‘ஹெர்மெடிக் வைப்பர்’ செய்ததும் அதே வேலை, பார்டிஷன் சாஃப்ட்வேர் ஒன்றின் டிரைவரை வைத்து. ஆகவே அந்தத் தடை பாதிக் கதவுதான். டிஸ்க்கின் முதல் செக்டார் எந்த வால்யூமுக்குள்ளும் வராததால் அது இன்னும் அட்மினுக்குத் திறந்தே கிடக்கிறது. 2017-இல் ‘நாட்பெட்யா’ என்ற நாசகார புரோகிராம் அங்கேதான் எழுதியது.

உங்கள் கடை வேலைக்கு: வாடிக்கையாளர் டிஸ்க்கை உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, எடிட்டரில் அந்த வால்யூமை லாக் செய்து டிஸ்மவுண்ட் செய்தால் விண்டோஸ் எழுத விடும். சி டிரைவை ஓடும்போது லாக் செய்ய முடியாது. அதற்கு வேறு பென்டிரைவில் பூட் செய்வதுதான் வழி.

ஒரு சாஃப்ட்வேர் கட்டளையால் டிரைவையே, அதாவது பொருளையே, கெடுக்க முடியுமா? என் பையனோடு நூறு ரூபாய் பந்தயம்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

நீங்கள் ‘முடியாது’ பக்கம் என்றால் நூறு ரூபாய் போச்சு ஐயா. 2003 அக்டோபரில் மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2 வெளிவந்தது. இன்ஸ்டால் செய்தவர்களில் சிலருக்கு எல்ஜி சிடி டிரைவ் அதோடு செத்தது. கெர்னல் அனுப்பியது ‘கேஷைக் காலி செய்’ என்ற பரம சாதுவான கட்டளை. படிக்க மட்டுமே தெரிந்த டிரைவுக்கு அந்தக் கட்டளையே தேவையில்லை என்று, அதே எண்ணை அந்த டிரைவ்களில் ‘புது ஃபர்ம்வேர் வருகிறது, வாங்கிக்கொள்’ என்பதற்கு வைத்திருந்தார்கள். ஃபர்ம்வேர் என்பது டிரைவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் புரோகிராம்; வந்தது அது இல்லையே.

இதற்கு அடுத்த வருஷம், 2004 ஆகஸ்டில் 2.6.8 கெர்னலில் ஒரு சல்லடை வந்தது. அதுவரை டிவைஸைத் திறக்க முடிந்தவர் அதற்கு ஸ்கஸி என்ற டிரைவ் மொழியில் எந்தக் கட்டளையையும் நேராக அனுப்பலாம், ஃபர்ம்வேரை மாற்றும் கட்டளை உட்பட. அதற்குப் பிறகு பட்டியலில் உள்ள கட்டளைகள் மட்டும். மற்றவற்றுக்குத் தனிச் சலுகை வேண்டும். பட்டியலை அவசரத்தில் போட்டதால் சிடி எழுதும் புரோகிராம்கள் சாதாரண யூசருக்கு வேலை செய்யாமல் போய், நான் உட்பட ஊரே திட்டியது. அப்புறம் கட்டளைகளைச் சேர்த்துச் சரிசெய்தார்கள்.

அந்தச் சல்லடையில் இன்னொரு ஓட்டை இருந்தது 2011 கடைசியில்தான் வெளியே தெரிந்தது. கண்டுபிடித்தவர் ரெட் ஹாட்டின் பாவ்லோ போன்சினி. ஒருவருக்கு ஒரு பார்டிஷனை மட்டும் கொடுத்திருப்பீர்கள். அதற்கு அவர் ஸ்கஸி கட்டளை அனுப்பினால், பார்டிஷன் எல்லை எதையும் பார்க்காமல் முழு டிஸ்க்குக்குப் போய்ச் சேரும். ஸ்கஸிக்குப் பார்டிஷன் என்றால் என்னவென்றே தெரியாது, அது டிஸ்க்கோடு மட்டும் பேசும் மொழி. விர்ச்சுவல் மெஷினுக்கு ஒரு பார்டிஷனை வாடகைக்கு விட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது: குடக்கூலிக்கு வந்தவர் வீட்டுக்காரர் பீரோவைப் படிக்கலாம், எழுதலாம். 2012 ஜனவரியில் அடைத்தார்கள்.

வழக்கு ஒன்றில் எதிர்தரப்புக் கொடுத்த ஹார்ட் டிஸ்க். எங்கள் உதவியாளர் லினக்ஸில் ரீட்-ஒன்லியாக மட்டுமே மவுண்ட் செய்து பார்த்தார், சத்தியம் செய்கிறார். ஆனால் முன்பு எடுத்த ஹேஷும் (டிஸ்க்கின் கைரேகை மாதிரியான எண்) இப்போது எடுத்ததும் ஒத்துப்போகவில்லை. யாரோ கை வைத்தார்கள் என்று எதிர்தரப்பு சொல்கிறது.
— வழக்கறிஞர், மதுரை

சத்தியத்தை நம்பலாம். கை வைத்தது பெரும்பாலும் கெர்னல்தான். எக்ஸ்ட்4 டிஸ்க்கைச் சரியாக மூடாமல் பிடுங்கியிருந்தால், எழுதப்போவதை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஏடான ஜர்னலில் பாதி வேலை பாக்கி இருக்கும். அடுத்த முறை மவுண்ட் செய்யும்போது, ரீட்-ஒன்லி என்று சொன்னாலும், முதலில் அந்தப் பாக்கியை டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டுத்தான் ஃபைல் சிஸ்டம் உள்ளே விடும். ‘ரீட்-ஒன்லி’ என்ற வாக்குறுதி ஃபைல்களுக்கு, டிஸ்க்குக்கு அல்ல. ஒரு பிட் மாறினால் போதும், ஹேஷ் முழுக்க வேறாகிவிடும்.

செய்திருக்க வேண்டியது: மவுண்டுக்கு முன்பே ‘பிளாக்டெவ்’ கட்டளையால் டிவைஸையே ரீட்-ஒன்லி ஆக்குவது. அப்போது ஜர்னல் பாக்கி இருந்தால் எக்ஸ்ட்4 எழுத வழியில்லை என்று மவுண்ட் செய்யவே மறுக்கும். ‘நோலோடு’ ஆப்ஷன் கொடுத்து ஜர்னலைத் தொடாமல் பார்க்கலாம். அதற்கும் முன்னால் கேபிளில் மாட்டும் ரைட் பிளாக்கர் பெட்டி நல்லது. கெர்னல் தப்பு செய்தாலும் எழுதும் கட்டளை டிஸ்க்குக்குப் போகாது. வந்தது எஸ்எஸ்டி என்றால் இன்னொரு தொல்லை: அழித்த பிளாக்குகளை, கரண்ட் வந்தாலே போதும் என்று, தன்பாட்டுக்கு உள்ளேயே துடைத்துக்கொண்டிருக்கும். அதை எந்த கெர்னலும், எந்தப் பெட்டியும் தடுக்காது.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் எழுத இடம் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. இப்போது செய்யக்கூடியது: பழைய நகல் இமேஜ் ஒன்று இருந்தால் அதையும் டிஸ்க்கையும் பிளாக் பிளாக்காக ஒப்பிடச் சொல்லுங்கள். மாறியது சூப்பர்பிளாக், ஜர்னல், அந்த ஜர்னலில் பாக்கி இருந்த பிளாக்குகள் ஆகியவை மட்டும் என்றால், எழுதியது மனிதக் கை இல்லை என்று ஒரு நிபுணர் காட்ட முடியும். அந்த ஒப்பீட்டுக்கு ரைட் பிளாக்கர் வழியாக மாட்டுவதைத் தவிர, மூல டிஸ்க்கை இனி யாரும், அந்த உதவியாளர் உட்பட, எதிலும் மாட்ட வேண்டாம்.